இடிந்த சுவரும் இல்லாத பட்டாவும்: வெள்ளத்துக்குப் பிந்தைய அரசு வீட்டு உதவி யாருக்கு, எப்படிக் கிடைக்கிறது?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் கடற்கரை மக்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பதிவான மழை 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62 சென்டிமீட்டர். தூத்துக்குடி மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையைவிட அதிகமான நீர் ஒரே நாளில் நம் தலையில் கொட்டியது. தாமிரபரணி இரு கரைகளையும் மீறியது, குளங்கள் உடைந்தன. ஏரல் துண்டிக்கப்பட்டது. ஆறு கடலில் கலக்கும் புன்னக்காயலுக்குப் போக வழியில்லாமல் போனது. செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்திலேயே சிக்கிக் கிடந்தார்கள். தூத்துக்குடி நகரத் தெருக்களில் மீன்பிடிப் படகுகள் ஓடின.

அந்த நாட்களில் மக்கள் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டதை நாடே பார்த்தது. பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் கோயில் மண்டபங்களும் பள்ளிக்கூடங்களும் வந்தவர் யார் என்று கேட்காமல் கதவைத் திறந்தன. சோறும் போர்வையும் முதல் வாரத்திலேயே வந்து சேர்ந்தன. ஆனால், தண்ணீர் வடிந்து வீடு திரும்பியவர்கள் பலருக்கு வேறொரு சோதனை காத்திருந்தது. சுவர் சாய்ந்திருக்கிறது, தரை உள்வாங்கியிருக்கிறது, ஓடு சரிந்திருக்கிறது. இதைச் சரிசெய்ய அரசு என்ன தரும்? யாரிடம் கேட்பது? எந்தத் தாளைக் காட்டுவது?

இந்தக் கேள்விகளுக்கு விடை தெரியாததால் கிடைக்க வேண்டிய உதவியை இழந்த குடும்பங்கள் உண்டு. அடுத்த வடகிழக்குப் பருவமழை எப்போது எப்படி வரும் என்று நம்மால் சொல்ல முடியாது. விதிகளை இப்போதே தெரிந்துகொள்வது நம் கையில் இருக்கிறது. அதற்காகவே இந்தக் கட்டுரை.

மூன்று தனித்தனிக் கதவுகள்

'நிவாரணம்' என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது, உண்மையில் மூன்று வெவ்வேறு வழிகளில் வரும் உதவி. இவற்றைப் பிரித்துப் புரிந்துகொண்டாலே பாதிக் குழப்பம் தீரும்.

முதலாவது, உடனடி ரொக்க உதவி. 2023 வெள்ளத்தின்போது தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட வட்டங்களில் குடும்பத்துக்கு 6,000 ரூபாயும், மற்றப் பகுதிகளில் 1,000 ரூபாயும் மாநில அரசு ரேஷன் கடைகள் வழியாக வழங்கியது. இது வீட்டுக்கான பணம் அன்று. சில நாள் வாழ்க்கைக்கான கைச்செலவு. இதை வாங்கிவிட்டதால் வீட்டுச் சேதத்துக்கு விண்ணப்பிக்கும் தகுதி போய்விடும் என்று சிலர் எண்ணுகிறார்கள். அது தவறு. இரண்டும் வேறு வேறு.

இரண்டாவது, மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து வரும் வீட்டுச் சேத உதவி. இந்த நிதியில் தமிழ்நாட்டைப் பொறுத்தவரை ஒன்றிய அரசின் பங்கு 75 விழுக்காடு, மாநில அரசின் பங்கு 25 விழுக்காடு. எந்தச் சேதத்துக்கு எவ்வளவு என்பதை ஒன்றிய உள்துறை அமைச்சகம் விதிகளாக வகுத்து நாடு முழுமைக்கும் அறிவிக்கிறது.

மூன்றாவது, பேரிடருக்குப் பிறகு மாநில அரசு தனியாக அறிவிக்கும் மறுகட்டுமானத் தொகுப்பும், எப்போதும் நடைமுறையில் உள்ள வீட்டு வசதித் திட்டங்களும். வீட்டை உண்மையிலேயே மறுபடி எழுப்ப உதவுவது பெரும்பாலும் இந்த மூன்றாவது கதவுதான்.

தொகை எவ்வளவு?

2022-23 முதல் 2025-26 வரையான காலத்துக்கு ஒன்றிய அரசு வகுத்த விதிகளின்படி, சமவெளிப் பகுதியில் முழுமையாக இடிந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாய். மலைப் பகுதியில் இது 1,30,000. பகுதி சேதமடைந்த வீடு என்றால், குறைந்தது 15 விழுக்காடாவது சேதமாகியிருக்க வேண்டும். அப்படியானால் கான்கிரீட், செங்கல் போன்ற உறுதியான கட்டடத்துக்கு 6,500 ரூபாய். மண் சுவர் போன்ற உறுதியற்ற கட்டடத்துக்கு 4,000 ரூபாய். குடிசைக்கு 8,000 ரூபாய். வீட்டோடு சேர்ந்த மாட்டுக் கொட்டகைக்கு 3,000 ரூபாய். வீடு முழுமையாகப் போனாலோ, நாட்கணக்கில் வெள்ளம் சூழ்ந்து நின்றாலோ, துணிமணிக்கு 2,500 ரூபாயும் பாத்திரபண்டங்களுக்கு 2,500 ரூபாயும் குடும்பத்துக்கு உண்டு.

இந்தப் பட்டியலை ஒருமுறை கவனித்துப் பாருங்கள். 'முழுச் சேதம்' என்று எழுதப்பட்டால் 1,20,000. 'பகுதிச் சேதம்' என்று எழுதப்பட்டால் 6,500. நடுவில் வேறு படி இல்லை. வீட்டின் பாதி இடிந்து, மீதியில் குடியிருக்க முடியாமல் தவிக்கும் குடும்பத்துக்கு இந்த விதியில் சரியான இடமே கிடையாது. கணக்கெடுக்க வருபவர் எந்தச் சொல்லை எழுதுகிறார் என்பதில் ஒரு குடும்பத்தின் பல ஆண்டுச் சேமிப்பு அடங்கியிருக்கிறது.

இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பியது தமிழ்நாடு அரசின் தனித் தொகுப்பு. 2023 டிசம்பர் இறுதியில் தென்மாவட்டங்களுக்கு முதலமைச்சர் அறிவித்த சுமார் 1,000 கோடி ரூபாய் நிவாரணத் தொகுப்பில், வீடுகளுக்கு மட்டும் 385 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. முழுமையாகச் சேதமடைந்த வீட்டைப் புதிதாகக் கட்ட 4 லட்சம் ரூபாய் வரை, பகுதியாகச் சேதமடைந்ததைப் பழுதுபார்க்க 2 லட்சம் ரூபாய் வரை என்று அறிவிக்கப்பட்டது. 6,500-க்கும் 2 லட்சத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். பேரிடர் நிவாரண நிதியின் தொகை ஒவ்வொரு பேரிடரிலும் பொருந்தும் நிரந்தர விதி. மாநிலத் தொகுப்பு அந்தந்தப் பேரிடருக்காக அரசு எடுக்கும் முடிவு. அடுத்த வெள்ளத்திலும் 4 லட்சம் வரும் என்று நாம் உறுதியாக நம்பி இருந்துவிட முடியாது. எந்தத் தொகை அறிவிக்கப்பட்டாலும் அதற்கான பட்டியல் ஒன்றுதான்: வருவாய்த்துறை எடுக்கும் சேதக் கணக்கெடுப்பு. அதில் பெயர் இல்லை என்றால் பெரிய தொகுப்பும் கிடைக்காது, சிறிய தொகையும் கிடைக்காது.

வழக்கமான வீட்டுத் திட்டங்களும் இருக்கின்றன. ஊரகப் பகுதிகளில் குடிசைகளுக்குப் பதிலாக நிரந்தர வீடு கட்டித் தரும் 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டம் 2024-25-இல் தொடங்கியது. 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். இது ஊராட்சிகளுக்கு உரியது. காயல்பட்டினம் போன்ற நகராட்சிப் பகுதியில் வசிப்போருக்கு, சொந்த மனையில் வீடு கட்ட மானியம் தரும் பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் நகர்ப்புறப் பிரிவு பொருந்தும். ஊராட்சிக்காரர் நகராட்சி அலுவலகத்திலும், நகராட்சிக்காரர் ஒன்றிய அலுவலகத்திலும் மனு கொடுத்து மாதக்கணக்கில் காத்திருப்பது நடக்கிற கதை. முதலில் நம் வீடு எந்த எல்லையில் இருக்கிறது என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

யார் எழுதுகிறார்கள்?

சேதக் கணக்கெடுப்பின் முதல் படி கிராம நிர்வாக அலுவலர். அவர் நேரில் பார்த்து எழுதுவதை வருவாய் ஆய்வாளர் சரிபார்ப்பார். பிறகு வட்டாட்சியர், கோட்டாட்சியர், மாவட்ட ஆட்சியர் என்று மேலே போகும். கட்டடத்தின் உறுதியை மதிப்பிடப் பொறியாளர்களின் உதவியும் பெறப்படும். பணம் பயனாளியின் வங்கிக் கணக்கில் சேரும். புதிய வீடு கட்டும் உதவி என்றால், அரசு வீட்டுத் திட்டங்களில் வழக்கமாக நடப்பதுபோல, அடித்தளம், ஜன்னல் மட்டம், கூரை, முடிவு என்று கட்டம் கட்டமாகப் பணம் வரும். அடித்தளம் போடக்கூடக் கையில் காசில்லாத குடும்பம் முதல் தவணைக்கே தகுதி பெற முடியாமல் நிற்கும். இதை நாம் பின்னால் மீண்டும் பார்ப்போம்.

முடிச்சு விழும் இடம்

ஒன்றிய விதிகளில் ஒரு வரி இருக்கிறது. சேதமடைந்த வீடு அனுமதிக்கப்பட்ட கட்டடமாக இருக்க வேண்டும்; அதை மாநில அரசின் உரிய அலுவலர் சான்றளிக்க வேண்டும். படிக்கும்போது சாதாரணமான வரி. நம் கடற்கரையில் இந்த வரியில்தான் எத்தனையோ மனுக்கள் சிக்கிக்கொள்கின்றன. யார் யாருக்கு எப்படிச் சிக்கல் வருகிறது என்று பார்ப்போம்.

ஒன்று, புறம்போக்கில் குடியிருப்போர். ஆற்றங்கரை, ஓடைக்கரை, குளத்தின் உள்வாய், கடலோரம் ஆகிய இடங்களில்தான் முதலில் வெள்ளம் வரும். அங்கே குடியிருப்போர் பெரும்பாலும் உப்பளத் தொழிலாளர்கள், மீன்பிடித் தொழிலாளர்கள், கூலி வேலை செய்வோர். அதே இடங்களில்தான் பட்டா கிடைப்பதும் மிகக் கடினம். ஆட்சேபணையற்ற புறம்போக்கு என்றால் வரன்முறை செய்து பட்டா தர அரசு விதிகளில் வழி உண்டு. நீர்நிலைப் புறம்போக்கு என்றால் அந்த வழி இல்லை. மாற்று இடம் கேட்பதே வழி. ஆக, வெள்ளம் யாரை அதிகமாகத் தாக்குகிறதோ அவர்களிடமே காகிதம் குறைவாக இருக்கிறது. குடிசைக்கான 8,000 ரூபாய், துணி-பாத்திரத்துக்கான தொகை, ரொக்க உதவி ஆகியவற்றைத் தாண்டி இவர்களுக்கு நிரந்தர வீடு என்ற பேச்சு வரும்போது, ஊருக்கு வெளியே தொலைவில் ஓர் அடுக்குமாடி வீடு காட்டப்படலாம். உப்பளமும் கடற்கரையும் எட்டாத தூரத்தில் வீடு கிடைத்தால் பிழைப்பு போகும். மாற்று இடம் கேட்கும்போதே வேலை செய்யும் இடத்திலிருந்து தூரம், பிள்ளைகளின் பள்ளி ஆகியவற்றை மனுவில் எழுதிக் கேட்பது நல்லது.

இரண்டு, பிரிக்கப்படாத குடும்பச் சொத்து. இது நம் ஊர்களின் தனிப் பிரச்சினை. காயல்பட்டினத்தில் பெண்மக்கள் திருமணத்துக்குப் பிறகும் தாய் வீட்டிலேயே இருப்பதும், மாப்பிள்ளை அங்கே வருவதும், வீடு பெண்ணுக்கு உரியது என்பதும் பழக்கம். ஊரார் வாய்ச்சொல்லில் வீடு யாருடையது என்பதில் சந்தேகமே இருக்காது. காகிதத்தில் பார்த்தால் வீடு இன்னும் உம்மம்மா பெயரிலோ, அவருடைய தகப்பனார் பெயரிலோ இருக்கும்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பாட்டி காலமாகி இருபது ஆண்டுகள் ஆகின்றன. வீட்டை நடுச்சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்டு இரு பெண்மக்கள் வாழ்கிறார்கள். மூன்றாமவர் சென்னையில், ஆண்மக்களில் ஒருவர் ஹாங்காங்கில், ஒருவர் துபையில். முடுக்குப் பக்கச் சுவர் வெள்ளத்தில் விழுந்துவிட்டது. அலுவலர் வந்து கேட்கிறார்: "பட்டா யார் பேர்ல இருக்கு?" பாட்டியின் பெயரைச் சொல்கிறார்கள். இறந்தவர் பெயருக்கு உதவி எழுத முடியாது. வாரிசுச் சான்று எங்கே? மற்ற வாரிசுகளின் சம்மதம் எங்கே? அது வரும்வரை பட்டியல் காத்திருக்காது. இங்கே யாரும் தவறு செய்யவில்லை. ஆனாலும் உதவி கை நழுவுகிறது.

மூன்று, வாடகைக்கு இருப்போர். வீட்டுச் சேத உதவி உரிமையாளருக்குப் போகும். வாடகைக் குடும்பத்துக்குத் துணி, பாத்திர இழப்புக்கான தொகையும் ரேஷன் அட்டை வழியான ரொக்க உதவியும் உண்டு. அட்டை வேறு ஊர் முகவரியில் இருந்தால் அதுவும் சிக்கல்தான்.

நான்கு, பூட்டிக் கிடந்த வீடுகள். உரிமையாளர் வெளிநாட்டிலோ வெளியூரிலோ இருக்கும்போது கணக்கெடுப்பு முடிந்துவிட்டால், சேதத்தைக் காட்ட ஆளில்லை. இத்தகையோரில் வசதி உள்ளவர்கள் அரசு உதவியை நாடாமல் விடலாம். அந்த வீட்டில் ஏழை உறவினர் யாராவது குடியிருந்தால் நிலைமை வேறு. உரிமையாளரின் ஒரு கடிதம் இல்லாததால் அந்த உறவினர் நிர்க்கதியாக நிற்பார்.

2005-இல் செய்யப்பட்ட ஒரு நல்ல காரியம்

இந்த முடிச்சை அரசு நினைத்தால் தளர்த்த முடியும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம், கடலூர், கன்னியாகுமரி அளவுக்குத் தூத்துக்குடிக் கரை அழியவில்லை. இலங்கை நமக்கு அரணாக நின்றது. ஆனால் அதன்பின் வந்த வீட்டுக் கொள்கை கடலோர மாவட்டங்கள் அனைத்துக்குமானது. 2005 மார்ச் 30 அன்று வருவாய்த்துறை வெளியிட்ட 172-ஆம் எண் அரசாணை, பேரலை நிகழ்ந்த மூன்றே மாதத்தில், யாருக்கு எந்த வீடு என்பதை எழுத்தில் வைத்தது. 300 முதல் 325 சதுர அடி வரையிலான வீடு, சுமார் 1.5 லட்சம் ரூபாய் மதிப்பு, பத்தாண்டுக் காப்பீடு. கடலின் உயர் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் வீட்டை இழந்தவர்களுக்கு அதற்கு அப்பால் புதிய வீடு. எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டின் உரிமை மனைவி, கணவன் இருவர் பெயரிலும் சேர்த்து எழுதப்பட்டது.

அந்தத் திட்டத்தில் குறைகளும் இருந்தன. 200 மீட்டருக்குள் வீடு சேதமடைந்தவர்கள் இடம்பெயர மறுத்தால், அவர்கள் தம் வீட்டைத் தாமே பழுதுபார்க்கலாம், அரசு உதவி கிடைக்காது என்ற நிபந்தனை மீனவர்களை இரு பக்கமும் நெருக்கியது. வள்ளம் ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம் என்று ஆன குப்பங்கள் உண்டு. ஆயினும் பேரிடருக்கு முன் பட்டா இல்லாத ஆயிரக்கணக்கான பெண்கள் பேரிடருக்குப் பின் வீட்டு உரிமையாளர் ஆனது அந்த ஒரு வரியால்தான். வெள்ள நிவாரண வீடுகளுக்கும் இதே விதி வர வேண்டும் என்று நாம் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அதிலும், வீடு பெண்ணுக்கு உரியது என்று பரம்பரையாக நம்பும் ஊர்கள் இதை முதலில் கேட்க வேண்டும்.

பக்கத்து மாநிலம் செய்தது

முழுச் சேதம், பகுதிச் சேதம் என்ற இரண்டே பிரிவுகள் போதாது என்பதை 2018 பெருவெள்ளத்துக்குப் பிறகு கேரளம் உணர்ந்தது. அங்கே சேதத்தை ஐந்து படிகளாகப் பிரித்தார்கள். 15 விழுக்காடு வரை சேதம் என்றால் 10,000 ரூபாய். 16 முதல் 29 வரை 60,000. 30 முதல் 59 வரை 1.25 லட்சம்; 60 முதல் 74 வரை 2.5 லட்சம், அதற்கு மேல் 4 லட்சம். ஒன்றிய விதியின் தொகையோடு முதலமைச்சரின் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து மீதியைச் சேர்த்தார்கள். கைப்பேசிச் செயலியில் படம் எடுத்து மதிப்பிட்டார்கள். மதிப்பீட்டில் குறை இருந்தால் மேல்முறையீடு செய்யவும் இடம் வைத்தார்கள். அங்கும் புகார்கள் வந்தன. ஆனால் பாதி இடிந்த வீட்டுக்கு அங்கே ஓர் இடம் இருந்தது. தமிழ்நாட்டின் '2 லட்சம் வரை' என்ற அறிவிப்பும் அதே திசையில் வைத்த அடிதான். அந்த 'வரை' என்ற சொல்லுக்குள் யாருக்கு எவ்வளவு என்பதற்கான படிகளை முன்கூட்டியே வெளிப்படையாக எழுதி வைத்தால் அலுவலருக்கும் நல்லது, மக்களுக்கும் நல்லது.

மழைக்கு முன் செய்ய வேண்டியவை

விதி மாறும்வரை காத்திருக்க முடியாது. நம் தரப்பில் இப்போதே செய்யக்கூடியவை சில உண்டு.

வீட்டுப் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். இறந்தவர் பெயரில் இருந்தால் வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, பட்டா மாறுதல் செய்யுங்கள். உடனே பாகம் பிரிக்க மனமில்லை என்றால் அனைத்து வாரிசுகளின் பெயரிலும் கூட்டுப் பட்டா பெறலாம். பெண்ணுக்குக் கொடுத்த வீடு என்றால் அதைச் செட்டில்மெண்ட் ஆவணமாகப் பதிவு செய்துவிடுங்கள். குடும்பத்தினருக்குள் எழுதும் ஆவணங்களுக்கு முத்திரைத் தீர்வையில் சலுகை உண்டு.

வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊரில் நம்பிக்கையான ஒருவருக்குப் பொது அதிகார ஆவணம் எழுதி, அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்பலாம். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் இங்கே உரிய முத்திரைக் கட்டணம் செலுத்தப்பட வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது.

வீட்டு வரி ரசீது, மின் கட்டண அட்டை, குடிநீர் வரி ரசீது ஆகியவற்றை ஆண்டுதோறும் தவறாமல் எடுத்து வையுங்கள். பட்டா இல்லாத இடத்தில், ஒரு குடும்பம் எத்தனை ஆண்டுகளாக அங்கே வாழ்கிறது என்பதைக் காட்ட இவையே துணை. அசல் ஆவணங்களை நெகிழி உறையில் சுற்றி உயரமான இடத்தில் வைத்து, ஒவ்வொன்றையும் கைப்பேசியில் படமெடுத்து வெளியூரில் உள்ள பிள்ளைக்கோ சகோதரருக்கோ அனுப்பிவிடுங்கள். வெள்ளத்தில் கைப்பேசியும் நனையும். வெளியூரில் இருக்கும் படம் நனையாது.

வீட்டையும் படமெடுங்கள். நல்ல நிலையில் இருக்கும் வீட்டின் நான்கு பக்கமும், உள்ளே ஒவ்வோர் அறையும், தேதியோடு இருக்கட்டும். பின்னாளில் "இந்தச் சுவர் முன்பே விழுந்து கிடந்தது" என்ற பேச்சுக்கு இதுவே பதில். நீண்ட நாள் பயன்படுத்தாத வங்கிக் கணக்கை உயிர்ப்பித்து, ஆதார் இணைப்பையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அனுமதியான பணம் கணக்குச் செயல்படாததால் திரும்பிப் போவதைவிட வேதனையானது ஒன்றுமில்லை.

தண்ணீர் வடிந்த பிறகு

முதல் வேலை, எதையும் அப்புறப்படுத்தும் முன் படமும் காணொளியும் எடுப்பது. சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரியும்படி, ஓர் ஆளையோ அளவுகோலையோ பக்கத்தில் நிறுத்தி எடுங்கள். இடிபாட்டை அள்ளிய பிறகு வரும் அலுவலருக்கு வெறும் மனைதான் தெரியும்.

அடுத்து, எழுத்தில் மனு. வாய்மொழியாகச் சொன்னால் போதாது. கிராம நிர்வாக அலுவலரிடம் ஒன்று, வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தேதியிட்ட ஒப்புகை வாங்குங்கள். மனுவில் கதவு எண், கட்டடத்தின் வகை, எந்தெந்தச் சுவர், எத்தனை அறை, எத்தனை நாள் தண்ணீர் நின்றது என்று அளவோடு எழுதுங்கள். ஒரே கூரையின் கீழ் தனி அடுப்பு வைத்து இரண்டு குடும்பங்கள் இருந்தால் அதையும் தெளிவாகச் சொல்லுங்கள்.

பட்டியலில் உங்கள் வீடு எந்தப் பிரிவில் எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 'பகுதி' என்று எழுதியிருந்து, வீடு குடியிருக்கத் தகுதியற்றது என்றால், பொறியாளர் ஒருவரிடம் சான்று பெற்று மறுஆய்வு கேளுங்கள். திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுக்கும் மனுவுக்குப் பதிவு எண் உண்டு. முதலமைச்சரின் உதவி மைய எண் 1100. மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை 1077. இவற்றுக்கும் பதில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில், உங்கள் மனு என்ன ஆனது, எந்தக் காரணத்தால் தள்ளப்பட்டது என்று கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

சட்டம் சொல்லும் இரு வரிகளும் தெரிந்திருக்கட்டும். 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 61-ஆவது பிரிவு, நிவாரணம் வழங்குவதில் பாலினம், சாதி, சமூகம், வம்சம், மதம் ஆகியவற்றின் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்கிறது. அதே சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பொய்யான தகவல் கொடுத்து நிவாரணம் பெறுவோருக்கு இரண்டாண்டு வரை சிறைத் தண்டனை என்கிறது. சேதமாகாத வீட்டுக்கு எழுதி வாங்கும் ஒவ்வொரு ரூபாயும், வீடிழந்த ஒருவருடைய பங்கிலிருந்துதான் போகிறது.

ஊர் செய்ய வேண்டியது

அரசு தரும் பணம் தாமதமாகவும் தவணையாகவும் வரும் என்பதை முன்பே சொன்னோம். அடித்தளம் போட முதல் பணம் இல்லாததால் அனுமதியான வீட்டையே கட்ட முடியாமல் போகும் விதவைகளும் முதியோரும் இருக்கிறார்கள். ஜமாஅத்களும் நற்பணி மன்றங்களும் வெளிநாடுகளில் உள்ள ஊர் மன்றங்களும் வெள்ள நாட்களில் கோடிக்கணக்கில் பொருளும் பணமும் திரட்டக்கூடியவை. அதில் ஒரு பகுதியை, அரசு தவணை வந்ததும் திருப்பித் தரும் வட்டியில்லாக் கைமாற்றாக ஒதுக்கினால், அதே தொகை அடுத்தடுத்த வீடுகளுக்கும் சுற்றி வரும்.

இன்னொன்று, அதைவிடச் செலவு குறைந்தது. ஒவ்வொரு தெருவிலும் கணினி தெரிந்த இரண்டு இளைஞர்கள், ஓய்வுபெற்ற அலுவலர் ஒருவர். மழைக்காலத்துக்கு முன் வீடு வீடாகப் போய், பட்டா யார் பெயரில், வாரிசுச் சான்று உண்டா, வங்கிக் கணக்கு உயிரோடு இருக்கிறதா என்று பார்த்து, இல்லாதவருக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுக்க வேண்டும். நம் தெரு மட்டும் அல்லாமல், பக்கத்திலுள்ள கடற்கரைக் குடியிருப்புகளையும் உப்பளக் குடியிருப்புகளையும் சேர்த்தே செய்ய வேண்டும். 2023-இல் சோற்றுப் பொட்டலம் கொடுக்கும்போது நாம் ஆள் பார்க்கவில்லை. காகிதம் சரிசெய்து கொடுக்கும்போதும் பார்க்க வேண்டியதில்லை.

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபரில் தொடங்கும். வாரிசுச் சான்றுக்கும் பட்டா மாறுதலுக்கும் வாரங்கள், சில நேரம் மாதங்கள் பிடிக்கும். இன்று மாலை பெட்டியைத் திறந்து, வீட்டுப் பத்திரத்தில் இருக்கும் பெயரைப் படித்துப் பாருங்கள். அந்தப் பெயருக்கு உரியவர் இன்று உயிரோடு இல்லை என்றால், நாளைக் காலையே இ-சேவை மையத்துக்குப் போக வேண்டிய வேலை உங்களுக்கு இருக்கிறது.